குல்லாய்க்கு முப்பது ரூபாய்

எங்கள் தலைமையாசிரியை கொடுத்தது முந்நூறு ரூபாய். பெருமாள்மலைக் கடைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே காய்கறி வாங்கி, மாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு சூப் வைக்க வேண்டும். கணக்கைக் கடைத்தெருவில் கற்பிக்கலாம் என்று அவரை அரித்துக்கொண்டிருந்தவள் நான்தான். "கைக்காசு ஒரு ரூபா போட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் பழையபடி வகுப்புல வாய்ப்பாடுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டுகளை நீட்டினார்.

நான் திண்டுக்கல்காரி. மலைக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஸ்வெட்டர், மப்ளர், காதை மூடும் கம்பளிக் குல்லாய் இல்லாமல் வெளியே வர மாட்டேன். என்னோடு வந்த பிள்ளைகள் வெறும் சட்டையில் நின்றார்கள்.

முதல் கடையில் நானே வழிகாட்டினேன். "கேரட் என்ன வெலைங்க?"

"கிலோ எண்பது மேடம். டூர் வண்டிய மட்டும் கொஞ்சம் ஓரமா விடச் சொல்லுங்க."

எனக்கு வண்டி எதுவும் இல்லை என்று சொல்வதற்குள் கேரட் பைக்குள் விழுந்துவிட்டது. "சரி, முந்நூறுல எண்பது போனா?" என்று உற்சாகமாகத் திரும்பினேன். யாரும் கழிக்கவில்லை. பின்னலைக் கடித்துக்கொண்டிருந்த சிறுமி, "நேத்து இதே கடையில எங்கம்மா அம்பதுக்கு வாங்குச்சு மிஸ்" என்றாள்.

"அப்ப குல்லாய்க்கு முப்பது" என்றான் பக்கத்தில் நின்ற பையன். கழித்தல் சரியாகத்தான் இருந்தது.

பீன்ஸ், உருளை, வெங்காயம், வெண்ணெய் எல்லாம் பாக்கி. இதே விலையில் போனால் பெற்றோருக்கு வெந்நீர்தான். குல்லாய், மப்ளர், ஸ்வெட்டர் மூன்றையும் பையில் திணித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன். "பீ... பீன்ஸ் எ... என்ன வெலைங்க?"

கடைக்காரர் கனிவாகப் பார்த்தார். "இந்த வெயிலுக்கே நடுங்குறீங்களே, கீழ எந்த ஊருங்க? உள்ள கம்பளிக் குல்லா கெடக்கு, எடுக்கட்டா?"

சிறுமி என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "மிஸ், நீங்க அந்தக் கோடி டீக்கடையில ஒக்காருங்க. வெரசா வந்துர்றோம்."

"நான்தானே உங்க மிஸ்?"

"அதான் மிஸ் பிரச்சனையே."

ரோட்டைத் தாண்டக் கூடாது, என் கண்ணில் படும்படி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏலே, பெரிய உருளையா பொறுக்காத, உள்ள பொத்தலா இருக்கும்" என்று அவள் அதட்டுவது இங்கே வரை கேட்டது. வாங்க வேண்டிய அத்தனையும் வாங்கி, மீதி பதினான்கு ரூபாயும் சும்மா கிடைத்த ஒரு கட்டு மல்லித்தழையுமாக வந்தார்கள்.

மாலையில் கணக்கை விளக்கும்படி தலைமையாசிரியை அந்தப் பையனைக் கூப்பிட்டார். அவன் கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'மிஸ் கூட' என்றும் வலப்பக்கம் 'மிஸ் இல்லாம' என்றும் எழுதினான். சிரித்த பெற்றோரில் ஒருவருக்குச் சூப் புரையேறியது.

தலைமையாசிரியை இரண்டாவது கோப்பையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தார். "அடுத்த சனிக்கிழமையும் போங்க. ஆனா பிள்ளைகளத் தனியா அனுப்பக் கூடாது, நீங்களும் கூடப் போகணும்." கொஞ்சம் யோசித்தார். "டீக்கடை வரைக்கும்."

இப்போது என் வீட்டுக் காய்கறியையும் அவர்களே வாங்கித் தருகிறார்கள், கமிஷனுக்கு. அந்தப் பையனின் சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். "அங்க கமிஷன் இல்லாம ஒரு முருங்கைக்காய்கூட நகராது மிஸ். நூத்துக்கு அஞ்சு குடுங்க" என்றான். சதவீதம் அடுத்த பருவத்துப் பாடம், இன்னும் நான் நடத்தவே இல்லை என்றேன்.

"சரி மிஸ், நீங்க நடத்துற வரைக்கும் கிலோவுக்கு அஞ்சு ரூபா."