நான் மாற்றிச் சொன்ன முடிவு

எல்லோரும் புகழ்கிறார்களே என்று போன வாரம் ஒரு புது நாவல் வாங்கினேன். விறுவிறுப்பாகத்தான் போனது. விட்டுப்போன கணவன் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்து நிற்க, அவள் அழுதுகொண்டே கதவைத் திறக்கிறாள். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. போடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மல்லிகா சித்தி ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். சோறு பிசைந்து கொடுத்தாலும் அந்த வாசம்தான் வரும். மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன சித்தப்பா இரண்டு வருஷமாக வரவில்லை. சித்திக்கு வாசிக்கத் தெரியாது. மாத நாவல்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்த மாதக் கதையிலும் ஒருவன் மனைவியை விட்டுப் போயிருந்தான்.

கடைசிப் பத்துப் பக்கம் இருக்கும்போது தோழிகள் விளையாடக் கூப்பிட்டார்கள்.

"அவன் வந்தானா தாயி? வெரசா சொல்லு" என்றாள் சித்தி.

நான் புத்தகத்தை மூடினேன். "வந்துட்டான் சித்தி. அவ போய்க் கூப்பிட்டதும் கூடவே வந்துட்டான்."

மறுநாள் சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் போடிமெட்டு ஜீப்பில் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னாள்: "அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்குக்கா. அந்தப் பொம்பள முன்னாடியே என்னைய யாருன்னு கேட்டாரு."

அதன் பிறகுதான் அந்தப் பத்துப் பக்கங்களை வாசித்தேன். அவன் வரவே இல்லை. அவளும் தேடிப் போகவில்லை.

சித்தி என்னைத் திட்டவில்லை. "கதையில நடக்குறது நெசத்துல நடக்குமா? எனக்குத்தான் புத்தியில்ல" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதையிலும் அப்படி நடக்கவில்லை என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.