உடம்பைக் குடுத்தவங்களோ?

"இந்தா, பிள்ளைதின்னி, உனக்கு ஈரல்" என்று சொல்லிக்கொண்டே கொறற்றி ஹெராக்ளிஸ் தட்டில் ஈரல் துண்டைப் போடுகிறாள். போடுகிறாள் என்பதைவிட எறிகிறாள் என்பதே சரி. அடுத்தது அக்கிலீஸ். சுட்ட இறைச்சியைக் குவித்து, மேலே எலுமிச்சைத் துண்டை வைத்து, "உன்ர கோவத்தாலை ஊர் அழிஞ்சது காணாதோ, இப்ப வெங்காயமும் வேண்டாமோ?" என்று கேட்டுவிட்டுத் தட்டை ஜன்னலில் தள்ளுகிறாள். வெங்காயம் வேண்டாம் என்றவர் வெளியே மேசையில் இருக்கும் ஜெர்மன்காரர். ஏச்சு வாங்குவது அக்கிலீஸ்.

எசன் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தக் கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் இறைச்சித் தட்டுகளுக்கெல்லாம் பழைய கிரேக்க வீரர்களின் பெயர்கள். சலாட் தட்டு ஒன்றுக்கு மட்டும் ஹெலேனா என்று பெண்ணின் பெயர். "சண்டைக்குக் காரணம் எண்டு பேர் கேட்டவளுக்குப் புல்லு. சண்டை பிடிச்சவங்களுக்கு இறைச்சி. நல்ல நியாயம்" என்பாள் கொறற்றி.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. முப்பத்தெட்டு வயது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவள். கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்பார்கள். கொறற்றியின் குணத்தைக் காண வேண்டுமானால் கோபத்தைத் தாண்டிப் போக வேண்டும். பலர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். கரண்டி தவறினால் கரண்டிக்கு "கோதாரி விழ", பனி கொட்டினால் பனிக்கு "நாசமறுவான்". ஆனால் குசினியில் சுகமில்லாமல் யாராவது நின்றால் அவர்களுடைய பாத்திரங்களையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, அதற்கும் ஏசுவாள்.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள் செய்த பிழையை முதலாளி லெஃப்டேரிஸ் இன்றும் சொல்லிச் சிரிப்பார். குசினிக் கதவுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. தாடி, அகன்ற தோள், கையில் பெரிய தடி. குருநகர் வீட்டுப் படத்தில் புனித யூதாததேயுவும் தாடியும் தடியுமாகத்தான் நிற்பார். வழி அடைபட்டவர்களுக்கு வழிவிடுகிறவர். கொறற்றி சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே மன்றாடினாள். படத்தில் இருந்தவர் ஹெராக்ளிஸ். சிரித்தவருக்கு அவள் என்ன கேட்டு மன்றாடினாள் என்பது அப்போது தெரியாது.

அது போன வருடம், எண்பத்தாறு ஆனி மாதம். அதற்கு முந்திய மாதம்தான் அவளுடைய தம்பி அன்ரனைச் சுட்டிருந்தார்கள். அன்ரன் ஓர் இயக்கத்தில் இருந்தான். சுட்டவர்கள் இன்னோர் இயக்கம். ஆமிக்காரன் சுட்டிருந்தால் ஊரே கூடி அழுதிருக்கும். சுட்டவர்களும் தமிழ்ப் பெடியன்கள், ஒருவன் அன்ரனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். சந்தியில் விழுந்தவனை வான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விடுவது அதைவிட வெட்கம்.

தாய் பேர்பெச்சுவா சிலுவை செய்வித்து, மகனின் பெயரும் எழுதுவித்து வைத்திருக்கிறார். சேமக்காலையில் தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் இடமும் இருக்கிறது. உடம்பு இல்லாமல் சிலுவையை நாட்டமாட்டேன் என்கிறார். சிலுவை வீட்டுச் சுவரில் சாத்தியபடியே நிற்கிறது.

ஆகவே லெஃப்டேரிஸ் எந்த வீரனின் கதையைச் சொன்னாலும் கொறற்றி கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள். "உடம்பைக் குடுத்தவங்களோ?"

இருவரும் பேசும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, நொண்டி. ஆனாலும் சண்டைக்குக் காணும். ஹெராக்ளிஸ் பைத்தியம் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றான் என்று அவர் சொன்ன அன்று அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"பிள்ளையளைக் கொலை செய்தவனுக்கு இவ்வளவு பெரிய படமோ?"

"நாங்கள் அவனை நல்லவன் என்று சொல்லவில்லை. பெரியவன் என்றுதான் சொன்னோம்" என்றார் லெஃப்டேரிஸ். "செய்ததை அவன் மறைக்கவில்லை. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் பன்னிரண்டு கடும் வேலைகளைச் செய்தான். முந்தி எங்கள் சனம் செத்த வீரனின் குழியில் வைனும் இரத்தமும் ஊற்றுவார்கள். அன்பால் மட்டுமில்லை, பயத்தாலும்தான். கவனிக்காமல் விட்டால் கோபித்துக்கொள்வான்."

"ஊத்திறதுக்கும் ஒரு குழி வேணுமே" என்றாள் அவள்.

பிறகொரு நாள் அக்கிலீசின் கதை வந்தது. அக்கிலீஸ் எதிரி இளவரசன் ஹெக்டரைக் கொன்று, தேரில் கட்டி இழுத்தான். ஹெக்டரின் தகப்பன் பிரியாம், கிழட்டு அரசன், எதிரியின் கூடாரத்துக்குள் தனியே போனான். முழங்காலில் விழுந்து, தன் மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு, உடம்பைத் தா என்று கேட்டான். அக்கிலீஸ் அழுதான். உடம்பைக் கழுவி, துணி சுற்றிக் கொடுத்தான். செத்தவீடு முடியும்வரை சண்டையையும் நிறுத்தினான்.

"குடுத்தவனோ?" என்று திரும்பவும் கேட்டாள் கொறற்றி.

"கொடுத்தான். அவன் கொன்ற கதைகள் ஆயிரம். ஆனால் எங்கள் வாத்தியார் இந்த இடத்தில்தான் அழுவார்."

 அவள் வழக்கத்தைவிடப் பெரிதாகவே வெடித்தாள். "கொலை செய்த கையைக் கொஞ்சிறதோ? சீ! நானெண்டால் கடிச்சுத் துப்பியிருப்பன்." அன்று போன தட்டுகளெல்லாம் ஜன்னலில் இடித்துக்கொண்டே போயின.

இங்கேயும் ஒரு கூடாரம் இருந்தது. அன்ரனைக் கொன்ற இயக்கத்துக்கு எசனில் பொறுப்பு கிருஷ்ணமூர்த்தி. இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல், ஊரில் மேலிடத்தோடு தொடர்பு. கொறற்றி அவரிடம் பலமுறை கேட்டுவிட்டாள். கொன்றது ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்று மட்டும்தான் கேட்டாள். ஒவ்வொரு முறையும் "மேல கேட்டிருக்கிறன் அக்கா" என்பார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம், அப்படி ஒரு முகம்.

சென்ற ஐப்பசியில் அவர் கடையின் பின்கதவுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீரவணக்கக் கூட்டமாம். கொறற்றியின் மீன் றோல்ஸுக்கு நல்ல பெயராம்.

"எங்கட வீரருக்கு உங்கட கையாலை செய்து தாங்கோ அக்கா."

"அன்ரனை எங்க போட்டனீங்கள் எண்டு கேட்டுச் சொன்னனீங்களோ?"

"அக்கா, உங்கட தம்பி பிழையான பக்கம் போனவர். அதை இப்ப கிளறிறது உங்களுக்கும் நல்லதில்லை, ஊரிலை இருக்கிற அம்மாவுக்கும் நல்லதில்லை."

மெல்லிய குரலில்தான் சொன்னார். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. குசினியில் நின்றவர்கள் எண்ணெய்ச் சட்டி பறக்கும் என்று விலகினார்கள். கொறற்றி ஒன்றும் எறியவில்லை. "ஓம், செய்து கொண்டுவாறன்" என்றாள். எனக்கு அவளைத் தெரிந்த காலத்தில் அவள் ஏசாமல் விட்ட ஒரே ஆள் அன்றைய கிருஷ்ணமூர்த்திதான்.

ஞாயிறன்று மண்டபம் நிரம்பியிருந்தது. றோல்ஸ் பெட்டியோடு கொறற்றி கடைசி வரிசையில் இருந்தாள். வீரனுக்குச் சாவில்லை என்று கிருஷ்ணமூர்த்தி பேசினார். கைதட்டினார்கள். சிலர் விரும்பித் தட்டினார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று தட்டினார்கள். மாலை போட்ட படங்கள் மேசையில் வரிசையாக இருந்தன. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது முகங்கள். அவற்றுக்கும் தாய்மார் இருப்பார்கள். அன்ரனின் முகம் அங்கே இல்லை, இருக்க வேண்டுமென்று கொறற்றியும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்து பூப்போடும் வரிசை நகர்ந்தது. மேசைக்குப் பக்கத்தில் நின்று கிருஷ்ணமூர்த்தி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொறற்றியின் முறை வந்ததும் அவளுக்கும் ஒன்றை நீட்டினார்.

அவள் பூவை எடுக்கவில்லை. நீட்டிய கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். சேலையோடு முழங்காலில் விழுந்தாள். மண்டபம் முழுக்கப் பார்க்க, அந்தக் கையை முத்தமிட்டாள்.

"என்னக்கா இது, எழும்புங்கோ, சனம் பாக்குது" என்றார் அவர். பூ கீழே விழுந்தது.

"அன்ரனை எங்க போட்டனீங்கள்?"

கத்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. அதுவரை ஒருவர் வாயிலும் வராத பெயர் அது. அவர் கையை இழுத்தார். நாள் முழுக்க இரும்புச் சட்டி தூக்குகிற பிடி, தளரவில்லை. அவருடைய மெல்லிய குரல் எங்கோ போய்விட்டிருந்தது. கொறற்றி அவர் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.  மறுபடி குனிந்து, அதே கையில், அதே இடத்தில், இன்னொரு முத்தம் வைத்தாள்.