புடையன் என்று நான் எழுதிய பாம்பு

இறந்த பாம்பை எந்தப் பெட்டியில் போடுவது என்று என்னிடம்தான் கேட்டார்கள். மக்கும் குப்பைக்கான பச்சைப் பெட்டியா, மற்றக் குப்பைக்கான கறுப்புப் பெட்டியா? எங்கள் டவுன்ஹவுஸ் வளவில் இப்படியான கேள்விகளெல்லாம் என் கதவைத்தான் தட்டும். யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் பதினொரு வருடம், இங்கே அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற கையோடு, இந்தக் குடியிருப்பை நடத்தும் கொண்டோ சபைக்குச் செயலாளராக்கினார்கள். வேறு எவரும் கையுயர்த்தவில்லை, அதுதான் தேர்தல். எந்தப் படிவம், எவருடைய கையெழுத்து, எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பாம்புகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. டொரொண்டோவின் வோபர்னில் எங்கள் வரிசை வீடுகளின் பின்னால் பழைய கல் மதில் ஒன்று உண்டு. மதிலுக்கு அப்பால் மின்கம்பிக் கோபுரங்கள் நிற்கும் புல்வெளி. மதிலோரம் குப்பைத் தொட்டிகள். அங்கிருந்துதான் சபைத் தலைவரின் குரல் கேட்டது. எழுபத்தைந்து வயது. அறுபத்தெட்டு வயதான என்னை இந்தக் கண்டத்தில் "பிள்ளை" என்று கூப்பிடும் ஒரே மனிதர்.

"பிள்ளை, கிட்ட வராதையும்! புடையன்!"

"வடிவாப் பாத்தனீங்களோ அண்ணை?"

"என்ர தம்பியைக் கடிச்ச சாதி. எனக்குத் தெரியாதோ?"

ஊரில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவருடைய தம்பியைப் புடையன் கடித்தது. போரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மூடிக் கிடந்த காலம். அந்தக் கதையை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை.

பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். சாம்பல் உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம். வாலை உலர்ந்த சருகில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி விரியன் என்றும் சொல்லும் புடையனை ஊரில் நானும் கண்டிருக்கிறேன், ஒரே ஒருமுறை, சைக்கிளில் போகும்போது. அது போதுமென்று நினைத்துவிட்டேன்.

"புடையன்தான் போல கிடக்கு," என்றேன்.

அவர் கராஜுக்குள் போய்ப் பனி அள்ளும் சவளை எடுத்து வந்தார். இரண்டே அடியில் பாம்பு செத்தது. அதற்குள் அவருடைய மனைவி ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அடிச்சுப்போட்டியளே!"

பெட்டிக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது; தலைவரின் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. மேப்பிள் மரத்தடியில் குழி தோண்டுவித்து, பையில் வரும் இரண்டு வீதக் கொழுப்புப் பாலை, பாம்புக் கடவுளான நாகதம்பிரானை நினைத்து மேலே ஊற்றினார். மறுநாள் காலை ரக்கூன்கள் குழியைத் தோண்டிக் காணிக்கையை முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தன.

புதைக்குமுன் நான் படம் எடுத்திருந்தேன். கோப்பென்றால் இணைப்பு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் முறையாகாது என்று, தடியால் புரட்டி வயிற்றையும் எடுத்தேன். அன்று பின்னேரமே அறிக்கை எழுதினேன். "கடும் நஞ்சுள்ள பாம்பொன்று சீறியது" என்று ஒரு வரி. உண்மையில் அது சீறவில்லை. புடையன் சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல இருக்கும்; இது வாலால் சருகைத் தட்டியது, அவ்வளவுதான். ஆனால் நஞ்சுள்ள பாம்பு சீறாமல் இருப்பது அறிக்கைக்குப் பொருந்தாது. கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் ஒட்டினேன். சபை கூடியது. நாங்கள் மூன்று பேர்: தலைவர், நான், கூட்டம் எந்தப் பக்கம் சீக்கிரம் முடியுமோ அந்தப் பக்கம் கையுயர்த்தும் ஒரு மனிதர். பாம்புகள் மதில் இடுக்குகளில் குடியிருப்பதால், ஒக்டோபர் முதற் கிழமை இடுக்குகளையெல்லாம் கொங்கிரீட்டால் அடைப்பதென்று தீர்மானம். முன்மொழிந்தவளும் நான். குறிப்பு எழுதியவளும் நான்.

ஒரு கிழமை கழித்து ஒப்பந்தக்காரரின் படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: பிராணியின் பெயர். புடையன் என்பதற்குக் கனடாவில் என்ன பெயர்? கட்டத்தை வெறுமையாக விட என் கை இணங்கவில்லை. நூலகத்தில் இந்த மாகாணத்துப் பாம்புகள் பற்றிய புத்தகத்தை எடுத்து, கைப்பேசிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புடையனுக்கு முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, கொழுத்த உடம்பு. என் படத்திலிருந்ததற்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன், என் பெருவிரலளவு. செதில்கள் எண்ணெய் தடவியதுபோல வழுவழுப்பு. பிடரியில் ஆங்கில 'வை' எழுத்தைப் போல வெளிறிய குறி. வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள். புத்தகத்தில் அதே வயிறு இருந்தது. மில்க் ஸ்னேக். நஞ்சு கிடையாது, எலி தின்னும். மாட்டில் பால் குடிக்கும் என்று இந்த ஊர் விவசாயிகள் அவதூறு சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்களாம். நம்மவர்கள் சாரைக்குச் சொல்லும் அதே அவதூறு. பயந்தால் வாலைச் சருகில் அடிக்குமாம். அதைக் கொல்லச் சட்டம் விடாது என்றும் இருந்தது. டொரொண்டோப் பகுதியில் ஆளைக் கொல்லும் நஞ்சுப் பாம்பே கிடையாது என்று அடுத்த பக்கத்தில். அதற்கடுத்த பக்கம்தான் என்னை எழும்பவிடாமல் செய்தது: இலையுதிர் காலத்தில் பாம்புகள் பழைய கல் மதில்களின் ஆழத்துக்குப் போய், வசந்தம் வரை அங்கேயே கிடக்கும். ஒக்டோபரில் நாங்கள் அடைக்கப்போவது வெறும் இடுக்குகளை அல்ல.

அடுத்த நாளிலிருந்து மடக்குக் கதிரையோடு மதிலடிக்குப் போனேன். வெயில் ஏறும் மத்தியானங்களில் அவை வந்தன. மூன்று மஞ்சள் கோடுகளோடு கார்ட்டர் பாம்புகள். சிவப்பு நாக்கு, நுனியில் மட்டும் கறுப்பு. அவசரமே இல்லாமல் கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தன. பென்சில் பருமனில் பழுப்புப் பாம்பு ஒன்று, முதுகில் இரண்டு வரிசைப் புள்ளி. என் கத்தரிக் கன்றுகளை அரித்த ஓடில்லா நத்தையை அது மெல்ல மெல்ல விழுங்குவதைப் பார்த்தேன். நான்கு வருடமாக உப்புத் தூவி நான் செய்த வேலையை அது சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. கொப்பியில் திகதி, வெப்பநிலை, எண்ணிக்கை எழுதினேன். அழகு என்று எழுத ஒரு நிரல் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பத்தொன்பது மத்தியானங்கள் இருந்தேன். திட்டுப் போட்ட பாம்பு ஒருநாளும் வரவில்லை.

தீர்மானத்தை மாற்றக் கூட்டம் வேண்டும். கூட்டத்தைத் தலைவர்தான் கூட்டலாம். கொங்கிரீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, அது புடையன் இல்லை."

"எது?"

"நீங்கள் அடிச்சது. வயித்தைப் பாருங்கோ, கறுப்பும் வெள்ளையுமாக் கட்டம்."

"உந்தப் போனை அங்கால வையும். அண்டைக்குப் புடையன் எண்டு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"இண்டைக்கு இல்லை எண்டுறதும் நீர்தான். நான் எந்தப் பிள்ளையை நம்ப?"

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பிள்ளையையும் நம்பாதேங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவர் குடிக்கவில்லை. "நான் ஒரு பயந்தாங்கொள்ளிக் கிழவன். நான் கத்தினா ஒருத்தரும் கணக்கெடுக்காயினம். உம்மட நோட்டீசைப் பாத்துத்தான் சனம் பிள்ளையளை வெளியில விடுறேல்லை. அதை முதல் மாத்தும்."

"திருத்தம் எண்டு ஒண்டு போடுறன்."

"திருத்தம் இல்லை. பிழை எண்டு போடும். போட்ட பிறகு கூட்டம் வைப்பம்."

முப்பத்து மூன்று வருடச் சேவையில் நான் எத்தனையோ பேரின் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். என் பெயரில் ஒரு பிழை பதிவாகியதில்லை. வெளிச்சமான ஒரு மத்தியானத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "இனங்காணலில் தவறு ஏற்பட்டுள்ளது" என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஏற்பட்டதோ? மழை மாதிரி வந்து விழுந்ததோ? ஆர் விட்டது எண்டு எழுதும் பிள்ளை."

எழுதினேன். நான் பாம்பைச் சரியாகப் பார்க்காமல் புடையன் என்று எழுதினேன், அது சீறவில்லை, சீறியது என்றும் எழுதினேன், அதில் நஞ்சில்லை, என் சொல்லைக் கேட்டுத்தான் அது கொல்லப்பட்டது. கீழே கையெழுத்து. கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். தாளை என்னிடமே நீட்டினார்.

ஒட்டிய மறுநாளே அதன் அடியில் எவரோ பேனையால் எழுதியிருந்தார்கள்: "அப்ப என்ன பாம்பு, அன்ரி?" படத்தோடு இன்னொரு தாள் ஒட்டினேன். பிள்ளைகள் மதிலடிக்கு வரத் தொடங்கினார்கள். கூட்டம் நான்கு நிமிடம். மூன்றாவது மனிதர் வழக்கம்போல் கையுயர்த்தினார். கொங்கிரீட் வேலை நிறுத்தப்பட்டது. மேலே தளர்ந்திருக்கும் கற்களை மட்டும் கோடையில் இறுக்குவதென்று குறிப்பு. பத்தொன்பது மத்தியானங்களிலும் அந்தப் பாம்பைக் காணவில்லை என்பதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. எவரும் கேட்கவில்லை.

குளிர்காலம் வழமைபோல நீண்டது. என் முழங்கால் வலி அதைவிட நீண்டது.

ஏப்ரலில் கார்ட்டர் பாம்புகள் முதலில் வந்தன, ஒன்றின்மேல் ஒன்றாய். பிறகு பழுப்புப் பாம்பு. மே நடுப்பகுதியில் ஒருநாள் கதிரையில் இருக்கையில் பின்னால் காலடி கேட்டது. தலைவர், கையில் குப்பைப் பை. சவள் இல்லை. பத்தடி தள்ளியே நின்றார்.

"அது வந்ததோ?"

"இல்லை அண்ணை."

"வரேல்லையோ, காணேல்லையோ?"

நல்ல கேள்வி. அலுவலகத்தில் அவரைப் போல ஒருவர் இருந்திருந்தால் நான் முன்பே ஓய்வெடுத்திருப்பேன். "அது பகலில வெளிக்கிடுறது குறைவாம். புத்தகத்தில போட்டிருக்கு."

"போன வருசம் கண்டனீரோ? நான் அடிச்சதுக்குப் பிறகு?"

"இல்லை."

பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "அப்ப நான் அடிச்சதுதான் கடைசியோ?"

எல்லாக் கேள்விக்கும் ஒரு படிவம், ஒரு பந்தி, ஒரு கட்டம் உண்டென்று வாழ்ந்தவள் நான்.

"தெரியாது அண்ணை. நானும் சேர்ந்துதான் அடிச்சனான்."

அவர் மதில் பக்கம் திரும்பினார். ஒரு கார்ட்டர் பாம்பு தலையைத் தூக்கி அவரைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"வந்தா எனக்குச் சொல்லும். உடன சொல்லும்."

"பாக்க வருவியளோ?"

"விசரே உமக்கு? அது வந்தா அண்டையிலிருந்து குப்பையை முன்பக்கத்தால கொண்டுபோவன்."

பையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். நான் கொப்பியைத் திறந்து அன்றைய வரியை எழுதினேன். பதினெட்டுப் பாகை, வெயில். கார்ட்டர் நான்கு, பழுப்பு ஒன்று. திட்டுப் பாம்புக்கான கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் போய், 'காணவில்லை' என்று எழுதினேன்.