படத்தில் மூன்றாவதாக நிற்பவர்

நூறு வருடங்களுக்கு முன் லண்டன் வெம்பிளியில் நடந்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சியின் ஞாபகப் பொருட்களைச் சேர்ப்பது எனக்கொரு பைத்தியம். ஒருநாள் பழம்பொருள் சந்தையில், அந்தக் கண்காட்சியின் இலங்கை மண்டபத்தில் விற்ற தேயிலைத் தகரப்பேணி ஒன்றைக் கண்டேன். கடை வைத்திருந்த வெள்ளைக்கார அம்மா அதை விற்கமாட்டேன் என்றார்.

"என் பூட்டன் அந்த மண்டபத்தில் தேத்தண்ணி பரிமாறியவர்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"அப்படியென்றால் இது உங்களுடையதுதான்" என்று சும்மாவே தந்துவிட்டார்.

அடுத்த மாதம் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். வீடு முழுக்கத் தேடி, அந்த மண்டபத்து வேலையாட்களின் படமொன்றை எனக்காகவே கொண்டுவந்திருந்தார். வெள்ளை உடுப்பில் ஆறு பேர் விறைத்தபடி நின்றார்கள்.

"இதில் உங்கள் பூட்டன் யார்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்தேன். பெயர் கேட்டார். "கந்தையா" என்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதித் தந்தார்.

வீட்டில் மனைவி படத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஆரப்பா இந்தக் கந்தையா?"

நான் படத்தை அவளிடமிருந்து வாங்கி, அந்தப் பெயரைப் பார்த்தேன்.

பென்சில் எழுத்துத்தான், அழித்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் எழுத, அந்த மனிதருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது.