நாலு படுக்கை டிரெய்லர் கட்டின ஃபிட்டர் கன்னியப்பன்

ஃபிட்டர் கன்னியப்பன் போயிட்டார். பழைய ஒர்க்‌ஷாப் ஆளுங்க குரூப்ல காலைல போட்டிருந்தாங்க.

மந்தாரக்குப்பத்துல சாயங்காலம் எடுக்கறாங்களாம். நான் இருக்கறது சென்னைல, முட்டி வேற விடமாட்டேங்குது... அதான் இங்க எழுதறேன்.

நெய்வேலி ஆளுங்க நிறைய பேருக்கு அவரை ஃபோர்மேனாத் தெரியும். நான் சொல்றது அதுக்கு ரொம்ப முன்னாடி, அறுபதுகள்ல. டவுன்ஷிப்ல பாதி பிளாக் இன்னும் கட்டிக்கிட்டிருந்த காலம்.

அவர் காண்ட்ராக்ட் ஃபிட்டர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலேர்ந்து புதுசா வந்த ஸ்டோர்ஸ் கிளார்க். யாரையும் நம்பாதேன்னு சொல்லித்தான் என்னை அந்த நாற்காலில உட்கார வச்சாங்க. நானும் நம்பலை.

பூமிக்கடியில கரி எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்க, சேத்தியாத்தோப்பு பக்கம் போர் போட ஒரு பார்ட்டி கிளம்பிச்சு. ரோடு கிடையாது, வயலும் வாய்க்காலும்தான்.

தரைல டென்ட் அடிச்சா மழைல மிதக்கும், பாம்பு வேற. ஜீப் பின்னால இழுத்துக்கிட்டுப் போற டிரெய்லர் மேலயே டென்ட் கட்டிடலாம்னு சூப்பர்வைசர் முடிவு பண்ணினார். வேலையைக் கன்னியப்பன்கிட்ட கொடுத்தார்.

யார்டுல பட்டாளத்து ஏலத்துல வந்த பழைய டிரெய்லர் மூணு கிடந்துச்சு. ரெண்டு பெருசு, நல்லா இருந்துச்சு. அவர் மூணையும் சுத்தி வந்தார், அடியில குனிஞ்சு பார்த்தார்... இருக்கறதுலயே சின்னது, துருப்பிடிச்சது, அதைக் காட்டினார்.

எனக்கு அங்கயே சந்தேகம். நல்லதை ஏன் விடறார்? யாருக்காவது எடுத்து வைக்கிறாரா?

கேட்டேன். பெருசு களிமண்ணுல மாட்டினா ஜீப்பையும் சேர்த்து உட்கார வச்சுடும்னார். சின்னதுக்கு ஜீப் சக்கரமேதான், ஒரே ஸ்டெப்னி போதும், ஜீப் போன தடத்துலயே இதுவும் வரும்னார்.

பதில் சரியாத்தான் இருந்துச்சு. அவ்வளவு சரியா இருந்ததே எனக்குப் பிடிக்கலை.

அச்சுக்குக் கீழ இருந்த ஸ்பிரிங் பட்டையைக் கழட்டி மேல மாத்தினார், டிரெய்லர் அரை அடி உயர்ந்துச்சு. களிமண் தட்டாம இருக்கறதுக்குன்னு சொன்னார்.

ரெண்டு பக்கப் பலகையும் வெளிய மடிஞ்சு விழுந்தா படுக்கை. பைப்பை வளைச்சு, கித்தானைத் தைச்சு, குடை மாதிரி விரியற டென்ட். பின் கதவை இறக்கினா சமையல் மேசை.

நான் தினம் போய் பைப்பை அளப்பேன், போல்ட்டை எண்ணுவேன். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

ரெண்டு விஷயம் உறுத்திச்சு. சூப்பர்வைசர், டிரைவர், சமையல்காரர், சாமான் கணக்குக்கு நான், ரிப்பேருக்கு அவர்... டிரெய்லரோட போறது அஞ்சு பேர். படுக்கை நாலுதான்.

அப்புறம் டிரெய்லருக்கு அடியில ஒரு தகரப் பெட்டி, பூட்டு போட்டு. டிராயிங்ல அது கிடையாது.

அவருக்குத் திருவதிகை பக்கம் ஊர். ஸ்டோர்ஸ் சாமானைப் பெட்டில போட்டுக்கிட்டு ஊருக்கு நழுவப் போறார்னு நானே முடிவு கட்டினேன். பேர் போடாம சூப்பர்வைசருக்கு ஒரு லெட்டர் எழுதினேன்.

கேம்ப் போட்ட அன்னிக்கு மத்தியானம், எல்லார் முன்னாடியும் பெட்டியைத் திறக்கச் சொன்னார் சூப்பர்வைசர். கன்னியப்பன் இடுப்பிலேர்ந்து சாவியை எடுத்தார்.

உள்ள ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர், சின்னப் பானை. சுருட்டின பாய். ஒட்டுப் போட்ட பழைய தார்ப்பாய் ஒண்ணு, நாலு முனையிலயும் கயிறு.

"இதெல்லாம் எதுக்குய்யா தனியா?"

"நான் சேரி ஆளு சார். என்கூட யாரும் உக்காந்து சாப்பிடப் போறதில்ல, பக்கத்துல படுக்கப் போறதில்ல. டிரெய்லருக்கு அடியில தார்ப்பாயக் கட்டிக்கினு படுத்துக்குவேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே பண்ணிக்கினு வந்துட்டேன்."

சமையல்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிட்டார். டிரைவர் டயரைப் பார்த்தார். நான்... நானும் டயரைத்தான் பார்த்தேன்.

சரி பூட்டுன்னுட்டு சூப்பர்வைசர் போயிட்டார். மேல வந்து படுன்னு ஒருத்தரும் சொல்லலை.

சாயங்காலம் மழை பிடிச்சுது. மத்தவங்க போர் போடற இடத்துல இருந்தாங்க. அவர் மட்டும் டிரெய்லருக்கு அடியில மண்டி போட்டுக் கயிறு கட்டிக்கிட்டிருந்தார்.

கிட்டப் போய், மேல வாப்பா, நான் ஒடுங்கிப் படுத்துக்கறேன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், வேற யார் காதுலயும் விழாம.

அவர் முடிச்சை இறுக்கி முடிச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார். மேல வந்தா அதுக்கும் ஒரு லெட்டர் போவும்."

எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பதினெட்டு நாள் இருந்தோம். பதினெட்டு நாளும் அவர் கீழதான். டிரெய்லர் ஒரு தடவை கூட மாட்டலை.

அதைப் பார்த்துட்டு மத்த பார்ட்டிகளும் அதே மாதிரி வேணும்னு கேட்டாங்க. அவர் பர்மனென்ட் ஆனார். என்கிட்ட சாமான் வாங்க வந்தா, நான் எழுதறதை ஒரு வரி விடாம படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். முப்பது வருஷமும் அப்படித்தான்.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். மக காபி கொண்டாந்து வச்சுது.

நான் அண்ணாந்து குடிக்கிறேனா, வாய் வச்சுக் குடிக்கிறேனான்னு அவர் பார்த்துக்கிட்டே இருந்தார். வாய் வச்சுத்தான் குடிச்சேன். கடைசிச் சொட்டு வரைக்கும் அவர் கண்ணு அந்த டம்ளரை விட்டு நகரலை.

லெட்டர் பத்திப் பேசணும்னுதான் போனேன். மூட்டு வலி, பேரப்பசங்க, குழாய்ல தண்ணி வராததுன்னு பேசிட்டு வந்துட்டேன்.

இப்பத்தான் அவர் மகளுக்கு போன் பண்ணினேன். உங்களப் பத்தி அப்பா அடிக்கடி சொல்லும் சார்னு சொல்லிச்சு.

என்ன சொல்வாருன்னு கேட்க வாய் வரலை.

போய் வாங்க கன்னியப்பன் சார்.