காலை மடக்கக் கூடாத ஐந்து நாள்

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் கண்ணாயி மரியாதை தெரிந்தவள் என்று பேர் வாங்கியவள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பாள். உடம்பு முடியாமல் படுத்திருந்தாலும் காலையாவது மடக்கிக்கொள்வாள். அந்த மரியாதையே ஒருநாள் அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

2003 தை மாதம். தலைப்பிள்ளை பிறந்து இருபது நாள். நாலடி நடந்தால் அவளுக்கு மூச்சு இரைத்தது, படுத்தால் இன்னும் மோசம். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு வைத்தியம் பேசினார்கள். மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து வந்த வியாபாரி அப்துல் சலாம் பாய்தான் அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததைக் கவனித்தார். ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, அவளையும் புருஷன் சென்றாயனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். பிள்ளை அவள் அம்மா பாப்பாயியிடம் இருந்துகொண்டது.

பிரசவத்தில் இதயம் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மருந்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. வலது தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாயில் ஒரு பலூனை வைத்தார்கள். கட்டிலோரம் ஒரு மெஷின் அதை ஊதுவதும் சுருக்குவதுமாக ‘டப் டப்’ என்று ஓடியது.

“இது கொஞ்ச நாள் இதயத்துக்குக் கைகொடுக்கும். அதுக்குள்ள இதயம் தேறியாகணும். இந்தக் காலை மட்டும் மடக்கிடாதீங்க, குழாய் மடங்கிடும்” என்றார் டாக்டர்.

கண்ணாயி நன்றாகத்தான் தலையாட்டினாள். மறுநாள் பார்வை நேரத்தில் பாய் உள்ளே வந்தார். தன் கால் அவர் முகத்துக்கு நேராக நீண்டிருப்பதைக் கண்டாளோ இல்லையோ, வெடுக்கென்று மடக்கிக்கொண்டாள்.

மெஷின் அலறியது. பலூன் நின்றது. கண்ணாயிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்றே நினைத்தாள். நர்ஸ் பரிமளா ஓடிவந்து காலைப் பிடித்து நீட்டிய பிறகுதான் மெஷினும் ஓடியது, அவளுக்கும் மூச்சு வந்தது.

“ஏனுங்க, படிச்சுப் படிச்சுச் சொன்னோமே! எதுக்கு மடக்குனீங்க?”

“மொதலாளி வந்தாருங்க. அவருக்கு நேரா எப்படிங்க கால நீட்டறது?”

பரிமளாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னைக் கண்டால் மறுபடி மடக்கிவிடுவாள் என்று பாய் வெளியே போய்விட்டார்.

மறுநாள் முதல் அவர் மனைவி ஷமீம் பானு வந்தார். நர்ஸிடம் அனுமதி வாங்கிக் கால்மாட்டில் உட்கார்ந்து, கண்ணாயியின் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டார். கண்ணாயி கூசிப்போனாள்.

“ஐயோ அக்கா, எங்காலையா தொடறீங்க?”

“பேசாம படு கண்ணு. நீ கால நீட்டிட்டு உசுரோட கெடந்தாப் போதும், எங்களுக்கு அதுதான் மரியாதை.”

கூடப் பிறந்தவள்கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள். பார்வை நேரம் முழுக்க அந்தக் கை நகரவில்லை. இந்த மனுஷிக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று கண்ணாயி மலைத்துப்போனாள்.

மெஷினின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்தாம் நாள் காலை டப் டப் சத்தம் சட்டென்று அடங்கியது.

“அக்கா, நின்னுபோச்சு!” என்று கண்ணாயி ஷமீம் பானுவின் கையைப் பிடித்தாள்.

“மெஷினைத்தான் நிறுத்துனோமுங்க” என்று சிரித்த பரிமளா, தன் ஸ்டெதஸ்கோப்பைக் கண்ணாயியின் காதில் மாட்டி, மறுமுனையை அவள் நெஞ்சில் வைத்தாள். “இது உங்களோடது.”

கண்ணாயி வெகுநேரம் கேட்டாள். கண்ணில் நீர் வழிந்து காதுவரை ஓடியது.

“சன்னமாத்தானுங்க அடிக்குது” என்றாள். “எம்பையனுக்கு இது போதுமுங்க.”