பூநாரையும் மூன்று முறைப்பாடுகளும்

பறவை காட்டும் தொழிலுக்குக் கூர்மையான கண் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஓரிடத்தில் இருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அதுதான் தெரியாது. உரும்பிராயில் பிறந்து, நினைவு தெரிந்த நாளிலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்து வளர்ந்தவன் நான். ஓரிடத்தில் அரைமணி நேரம் இருந்தால் யாரோ பின்னால் நின்று எழும்பச் சொல்வது போல இருக்கும். ஓட்டோ ஓடிய காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் செல்வம் அண்ணை தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டி, வெளியூர்க்காரருக்குக் கடனீரேரிப் பறவைகளைக் காட்டும் வேலையைத் தந்தார். அந்தப் பைனாகுலருக்குள்ளால் முதல் நாரையைப் பார்த்த நாளிலிருந்து வேறு வேலைக்குப் போக எனக்கு மனமில்லை. என்னைப் போலக் கால் தரிக்காதவர்களே, மேலே வாசித்து ஆறுதல் அடையுங்கள்.

பற்றைக்குப் பின்னால்

என் மேல் வந்த முதல் முறைப்பாடு கொழும்பிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியுடையது. மாரி முடிந்து வல்லை வெளித் தண்ணீரில் பூநாரைகள் இறங்கியிருந்தன. விடியற்காலையில் இருவரையும் கூட்டிப்போய், ஒரு பற்றைப் புதருக்குப் பின்னால் பாய் விரித்து இருத்தினேன். அந்த மனுசன் கமராவைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகு மறுபடியும் கமராவைத் துடைத்தார். எனக்கோ கால் விறைக்கத் தொடங்கிவிட்டது. பத்து நிமிடம் பல்லைக் கடித்தேன். பதினோராவது நிமிடம், சும்மா காலை உதறுவோம் என்று எழும்பினேன்.

அவ்வளவுதான். வெளி முழுக்க ஒரே சத்தம். நிற்கும்போது வெளிறிக் கிடந்த பறவைகள் செட்டையை விரித்ததும் சிவப்பும் கறுப்புமாகி, எங்கள் தலைக்கு மேலால் தொண்டைமானாற்றுப் பக்கம் போய்விட்டன. மனைவி "ஐயோ, என்ன வடிவு!" என்று கத்தினார். கணவர் கமராவின் மூடியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. விடுதியில் விருந்தினர் அபிப்பிராயம் எழுத ஒரு கொப்பி இருக்கிறது. அதில் அவர் எழுதியதைச் செல்வம் அண்ணை எனக்கு உரத்து வாசித்துக் காட்டினார்: "பறவைகள் நன்று. வழிகாட்டி பறவைகளைவிட அதிகம் அசைகிறார்."

மண்டைதீவுப் பக்கம்

இருக்கத்தானே முடியாது, நடந்தாவது காட்டுவோம் என்று அடுத்த கிழமை திருகோணமலையிலிருந்து வந்த ஒரு வங்கி முகாமையாளரை மண்டைதீவுப் பக்கம் கூட்டிப்போனேன். அவருக்குப் பூநாரை ஒன்றைப் பார்த்தால் போதும். ஒன்றுமில்லை. என் அந்தரமும் பதற்றமும் கூடிக்கொண்டே போயின. தூரத்தில் மீன் பிடிக்கத் தடி நட்டுக் கட்டிய களங்கட்டி வலைப் பக்கம் இளஞ்சிவப்பாக ஏதோ அசைந்தது. பைனாகுலரைத் தூக்கிப் பார்க்கக்கூடப் பொறுமையில்லை. "பூநாரை ஐயா, ஓடி வாங்கோ!" என்று சேற்றில் இறங்கிவிட்டேன்.

முழங்கால் வரை சேறு. முகாமையாளர் ஒரு செருப்பை இழந்து, மற்றதைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். கிட்டப் போனதும் தண்ணீருக்குள் குனிந்திருந்த ஒரு மீன்காரர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தடியில் காய்ந்துகொண்டிருந்த இளஞ்சிவப்புத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இது என்ரை துவாய், தம்பி."

கோழிப் பயிற்சி

அந்தத் துவாய் கொப்பியில் அரைப்பக்கம் பிடித்தது. செல்வம் அண்ணை இந்தமுறை வாசிக்கவில்லை, கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். இன்னொரு முறைப்பாடு வந்தால் பைனாகுலரைக் கழற்றித் தந்துவிட்டுப் போகலாம் என்றார். ஓட்டோவுக்குத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் பைனாகுலர் இல்லாமல் வல்லை வெளியைக் கடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று பின்னேரமே பயிற்சியைத் தொடங்கினேன். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கோழிகளைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கால்மணி நேரம் இருந்தேன், பிறகு அரைமணி. நான்காம் நாள் ஒரு கோழி என் காலில் ஏறி நின்றது, அப்போதும் நான் அசையவில்லை. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி பயந்து போய் வெளியே வந்தாள்: "இஞ்சாருங்கோ, உங்களுக்குச் சுகமில்லையே? ஆரும் ஏதும் சொன்னவையே?"

இரண்டரை மணித்தியாலம்

மூன்றாவதாக வந்தவர் வவுனியா ஆசுப்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் ஓர் அக்கா. முழங்கை நீள லென்ஸ் வைத்த கமரா. கொழும்பு மனைவியின் சிநேகிதியாம், என் பெயரைச் சொல்லி என்னைத்தான் கேட்டாராம். என்னைச் சோதிக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அதே வல்லை வெளி, அதே பற்றை, அதே பாய். பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று, தலையை முதுகுக்குள் செருகி நித்திரை கொண்டன. நான் இருந்தேன். நுளம்பு கடித்தது, இருந்தேன். கால் விறைத்து, பிறகு கால் இருப்பதே மறந்துபோனது. அக்கா கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், இடைக்கிடை என்னை மட்டும் திரும்பிப் பார்த்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கரையோரம் நின்ற ஒரு பூநாரைக்கு மட்டும் நித்திரை வரவில்லை. ஒரு காலை ஊன்றும், மாற்றும், மறுபடி மாற்றும். இவ்வளவு காலமும் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான்தான் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டிருந்தேனே. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரப் பார்த்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு அக்கா பெருமூச்சு விட்டு லென்ஸை மூடினார். எப்படி இருந்தது அக்கா என்று கேட்டேன். "எனக்கு அதுகள் பறக்கிற படம்தான் வேணும், தம்பி. பறவையைக் கலைக்கக் கூடாதெண்டு எனக்கும் தெரியும், அதுதான் நானாக் கேக்கேல்லை. நீங்களாவே எழும்புவியள் எண்டு சிநேகிதி சொன்னதை நம்பியெல்லோ இருந்தனான்!"

கொப்பி

கொப்பியில் அவர் எழுதியது ஒரே வரி: "வழிகாட்டி அசையவேயில்லை." செல்வம் அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். நான் பைனாகுலரைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து, உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் சேற்றைத் துடைத்து, திரும்ப என் கழுத்திலேயே மாட்டினார்: "நாளைக்கு ரெண்டு பேர் வருகினம், நித்திரை கொள்ளுற நாரையை இருந்து படமா வரையிறவையாம். ஆறு மணித்தியாலம். நீதான் போறாய்."

அசையாமல் இருக்கத் தெரியும் என்று ஒரேயொரு தடவை காட்டிவிட்டால், பிறகு உங்களை எழும்பவே விடமாட்டார்கள்.